இதயப் பிரிவுக்குப் போகும் கோடு

ரபாத்
24 மார்ச் 2019

அண்ணா,

ஸலாம். இன்றோடு பதினெட்டு நாளாகிறது, நீ என் போனை எடுத்து. அம்மா கூப்பிட்டால் எடுக்கிறாய். என் பேர் வந்தால் மட்டும் உன் கையெல்லாம் எஞ்சின் எண்ணெயாக இருக்கிறதாம். அம்மாதான் சொன்னாள். அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, சொல்லும்போதே சிரித்துவிட்டாள். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நீ கட் பண்ண முடியாது.

அன்றைக்கு நடந்ததை என் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். தப்பாக இருந்தால் திருத்து.

அம்மாவுக்கு இதய டாக்டரிடம் தேதி வாங்க நாலு மாதம் காத்திருந்தோம். நீ விடிகாலை பஸ்ஸில் அவளை ஸஃபியிலிருந்து இங்கே ரபாத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தாய். நான் மருத்துவமனை மாடியில் ஒரு கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன். போனில் சொன்னேன்: "உள்ளே வந்ததும் தரையில நாலு கோடு இருக்கும், சிவப்பைப் பிடிச்சுக்கிட்டே போ, நேரா இதய டாக்டர் வாசல்ல விடும், யாரையும் கேக்க வேண்டாம்." பதினொன்றரைக்கு இறங்கி வந்து பார்த்தால் இதயப் பிரிவில் நீங்கள் இல்லை. எலும்புப் பிரிவில், காலில் கட்டுப் போட்டவர்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறீர்கள். டாக்டர் போய்விட்டார். அடுத்த தேதி செப்டம்பர் பதினெட்டு.

நான் கத்தியது தப்பு. அத்தனை பேர் நடுவில் கத்தியது அதைவிடத் தப்பு. கண் இல்லையா என்று கேட்டதோடாவது நிறுத்தியிருக்கலாம். அப்பா சொல்வதையும் எடுத்து வீசிவிட்டேன். "கப்பல் படிப்பையே பாதில போட்டுட்டு ஓடி வந்தவன்தானே, உன்னை நம்பினேன் பாரு." நீ அம்மாவின் பையை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனாய். அம்மாவை மூன்று நாள் கழித்து நான் பஸ் ஏற்றிவிட்டேன்.

மன்னித்துக்கொள். ஆனால் எனக்கு இன்னும் புரியவில்லை. அந்தக் கோடுகள் நான் போட்டவை, அண்ணா. என் முதல் பெரிய வேலை. செங்கல் சிவப்பு இதயத்துக்கு, ஆலிவ் பச்சை எலும்புக்கு, இலவங்கப்பட்டைப் பழுப்பு கண்ணுக்கு, காய்ந்த மருதாணி எக்ஸ்ரேவுக்கு. நம் மண்ணின் நிறங்கள் என்று பத்திரிகையில் படம் போட்டு எழுதினார்கள். ஒரு வருட வேலை. பக்கத்தில் பிரசவத்துக்கும் குழந்தைகளுக்கும் கட்டுகிற கட்டடத்திலும் இதையே போடப்போகிறார்கள். அதில் என் சொந்த அண்ணன் தவறிப்போனால் எனக்கு எப்படி இருக்கும்? ஒரு எஞ்சினைக் காதால் கேட்டே எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று சொல்கிறவன் நீ. என்ன யோசனையில் இருந்தாய்?

திட்டியாவது எழுது.

நுஸ்ஹா


ஸஃபி
2 ஏப்ரல்

நுஸ்ஹா,

கை எண்ணெயாகத்தான் இருந்தது. பதினெட்டு நாளும் இல்லை என்பது உண்மை.

அம்மா நன்றாக இருக்கிறாள். உப்பில்லாமல் சமைத்து எல்லாருக்கும் போட்டுவிட்டு, யாரும் பார்க்காதபோது தன் தட்டில் மட்டும் தூவிக்கொள்கிறாள். நான் உப்பு டப்பாவைப் பட்டறைக்கு எடுத்துவந்துவிட்டேன்.

நீ கேட்டாய், சொல்லிவிடுகிறேன். ஒரு தடவைதான் சொல்வேன்.

எனக்கு அங்கே சிவப்புக் கோடு தெரியவில்லை. தரையில் நாலு கோடு இருந்தது. நாலும் ஒரே சேறு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சிவப்பு, பச்சை, பழுப்பு மூன்றும் எனக்குப் பிரியாது. தனியாக ஒரு பொருளைக் காட்டினால் ஊகித்துச் சொல்லிவிடுவேன். அதற்கு அது என்ன பொருள் என்று தெரிந்திருக்க வேண்டும். தக்காளி சிவப்பு, புல் பச்சை என்று மனப்பாடம். உன் கோட்டை மனப்பாடம் செய்ய எனக்கு நேரம் கொடுக்கவில்லை நீ.

விசாரிக்க ஒரு மேசை இருந்தது. பத்துப் பேர் வரிசை. முப்பத்தாறு வயது ஆள், அம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு, இதில் எது சிவப்பு என்று எப்படிக் கேட்பான்? அம்மாவையே கேட்டிருக்கலாம். அவளிடம்தான் கேட்க முடியாது, அதற்கு வேறு காரணம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு கோட்டைப் பிடித்தேன். நாலில் ஒன்று. கிடைக்கவில்லை. வாசல் பலகையைப் படித்தபோது அம்மாவுக்கு மூச்சு வாங்கியது, அவளை உட்கார வைத்துவிட்டு நீ இறங்கி வருவாய் என்று காத்திருந்தேன்.

இது உனக்கு மட்டும். அம்மாவிடமோ அப்பாவிடமோ மூச்சு விட்டால் அப்புறம் நிஜமாகவே போனை எடுக்க மாட்டேன்.

ஜவாத்


ரபாத்
9 ஏப்ரல்

அண்ணா,

உன் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்திருக்கக் கூடாது. கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்தேன். ஒரே வீட்டில் பதினைந்து வருடம் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்திருக்கிறோம். ஒரே பெட்டி வண்ணப் பென்சிலுக்குச் சண்டை போட்டிருக்கிறோம். அதில் நீ ஒவ்வொன்றின் மேலும் கத்தியால் கீறி வைப்பாய். உன் பென்சில் என்று அடையாளம் வைக்கிறாய் என்று நினைத்து உன்னைக் கடித்திருக்கிறேன் நான்.

ஆயிரம் கேள்வி வருகிறது, எல்லாம் முட்டாள்தனமாக இருக்கிறது. என் முகம் என்ன நிறம் உனக்கு? போக்குவரத்து விளக்கில் என்ன செய்கிறாய்? (மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ. இந்தப் பதிலை நானே யோசித்துக் கண்டுபிடித்தேன்.) ஊரில் பச்சை அணிக்கும் சிவப்பு அணிக்கும் பந்தாட்டம் நடந்தால் நீ எப்போதும் கோல் விழுந்த பிறகுதான் கத்துவாய். உனக்கு மூளை மெதுவாக வேலை செய்கிறது என்று அப்பா கேலி பண்ணுவார்.

நேற்று முழுக்க மருத்துவமனைக் கூடத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை. கோட் போட்ட ஒரு மனிதர், படித்தவர், கோடுகள் பிரிகிற இடத்தில் வந்து நின்றார். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். பிறகு எதிரே போன ஒரு பாட்டியின் பின்னாலேயே போனார். பாட்டி எங்கே போனாளோ அங்கே. இதைப்போல இன்னும் நாலைந்து பேர், எல்லாரும் ஆண்கள். போன வருடமும் இவர்கள் இருந்திருப்பார்கள். நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு பஸ் நிறைய ஆண்கள் ஏறினால் அதில் ஒன்றிரண்டு பேருக்காவது உன்னைப்போல் இருக்குமாம். அலுவலகத்தில் நாங்கள் பன்னிரண்டு பேர் ஒன்றாக உட்கார்ந்து நிறம் தேர்ந்தெடுத்தோம், ஒருவருக்கும் தோன்றவில்லை. படித்தபோது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துவிட்டேன்.

ஒரு யோசனை வைத்திருக்கிறேன். விசாரணை மேசையில் தனியாக ஒரு வழிகாட்டித் தாள் அச்சடித்து வைக்கலாம், 'நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு' என்று. கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம். செலவும் குறைவு.

இதோடு இருபது வண்ணத் துண்டுகள் வைத்திருக்கிறேன். பின்னால் எண் இருக்கிறது. போனில் படம் அனுப்பினால் திரையில் நிறம் மாறிவிடும், அதனால் தபால். பகல் வெளிச்சத்தில் தரையில் பரப்பி, உனக்கு ஒன்றுபோல் தெரிகிறவற்றையெல்லாம் ஒரு குவியலாக வைத்து எண்ணை எழுது. பின்பக்கம் பார்த்துவிட்டு ஏமாற்றாதே.

உன் நுஸ்ஹா


ஸஃபி
20 ஏப்ரல்

நுஸ்ஹா,

உன் முகம் நிறமில்லாமல் இல்லை. மூக்கு நீளமாகத் தெரிகிறது, அது எல்லாருக்கும் தெரிகிறது.

முதலில் அந்தத் தாள். அதைக் கிழித்துப் போடு. மேசைக்குப் போய்க் கேட்கச் சொல்கிறாய். பத்துப் பேர் முன்னால், எனக்கு நிறம் தெரியாது, அந்தத் தாள் கொடுங்கள் என்று சொல்லச் சொல்கிறாய். அந்த மேசையிடம் போகாமல் இருப்பதற்காகத்தான் நான் தப்பான கோட்டில் போனேன். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறாய், தெரியும். ஆனாலும் படித்துவிட்டு இரண்டு நாள் கோபமாக இருந்தேன். நல்ல கண்ணுள்ளவனுக்குத் தரை முழுக்க வழி, எனக்கு மட்டும் ஒரு தாளா?

இப்போது மற்றதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கேட்டுக்கொண்டே இருப்பாய்.

கப்பல் பள்ளியிலிருந்து நான் ஓடி வரவில்லை. மூன்றாவது மாதம் கண் பரிசோதனை வைத்தார்கள். புள்ளி புள்ளியாக ஒரு புத்தகம். பக்கத்தில் இருந்தவன் பன்னிரண்டு, எட்டு, இருபத்தொன்பது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறான். எனக்கு முதல் பக்கத்துக்கு அப்புறம் வெறும் புள்ளி. பிறகு இருட்டு அறையில் விளக்கைக் காட்டினார்கள். கப்பலுக்கு இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை. எதிரே வருகிறவன் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று அதை வைத்துத்தான் தெரியும். நான் பத்துக்கு ஆறு தப்பாகச் சொன்னேன். அனுப்பிவிட்டார்கள். அவர்கள் செய்தது சரி. நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் அனுப்பியிருப்பேன்.

அங்கிருந்த டாக்டர் நல்ல மனிதர். தோளில் கை போட்டு, "உன் தப்பு ஒண்ணும் இல்லப்பா. இது தாய் வழியா வர்றது. உங்கம்மா குடும்பத்துல யாருக்காவது இருந்திருக்கும்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். நம் வீட்டில் குழம்பு கெட்டாலும், நீ பரீட்சையில் கோட்டை விட்டாலும், ஆடு செத்தாலும் அப்பா என்ன சொல்வார்? "எல்லாம் உங்க வீட்டு வழி." அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். அந்த வருடம் நான் கப்பல் அதிகாரி ஆகப்போகிறேன் என்று துறைமுகம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். இதை அவர் கையில் கொடுத்தால் அம்மாவுக்கு ஆயுசுக்கும் போதும். அதனால் வீட்டுக்கு வந்து, படிப்பு பிடிக்கவில்லை, காலையில் ஐந்து மணிக்கு எழுப்புகிறார்கள் என்றேன். சோம்பேறி என்றார். இரண்டு வருடம் பேசவில்லை. அது என்னோடு போயிற்று.

இப்போது உன் துண்டுகள். முதல் குவியல்: 3, 7, 8, 11, 14, 16. நீ இதற்கு எத்தனை பேர் வைத்திருக்கிறாயோ, எனக்கு ஒரே பேர். இரண்டாவது: 5, 9, 20. 2 அடர்த்தியாகவும் 19 வெளிறியும் இருக்கின்றன. அவை இரண்டும் பட்டறையின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் தெரிகின்றன. பின்பக்கம் பார்க்கவில்லை. கீழே விழுந்த ஒன்றை எடுக்கும்போது மட்டும் பார்த்தேன்.

ஜவாத்


ரபாத்
14 மே

அண்ணா,

நோன்பு நேரம், மூன்று மணிக்கே அலுவலகம் முடிந்துவிடுகிறது. பசியில் எழுதுகிறேன், எழுத்து கோணினால் அதுதான் காரணம்.

உன் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று மூன்று வாரம் தெரியவில்லை. அம்மாவுக்காக நீ வாங்கிக்கொண்டதை நான் எடுத்து உன்மேலேயே எறிந்திருக்கிறேன். இதற்கு மன்னிப்பு என்ற வார்த்தை சின்னது. நான் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். அதைச் சொல்கிறேன்.

தாளைக் கிழித்துவிட்டேன். உன் முதல் குவியல் இருக்கிறதே, அதில்தான் என் நாலு கோடும் இருந்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை. 2 அடர்நீலம், 19 வெளிர் மஞ்சள். என்ன நிறம் என்பதைவிட எவ்வளவு கறுப்பு, எவ்வளவு வெளுப்பு என்பதுதான் உனக்குக் கை கொடுக்கிறது என்று புரிந்தது. அதனால் இப்போது எதை வரைந்தாலும் நகல் எடுக்கிற மெஷினில் கறுப்பு வெள்ளையாக எடுத்துப் பார்க்கிறேன். பழைய நாலு கோட்டையும் அப்படி எடுத்தேன். ஒரே சாம்பல். நகல் கடைக்காரன்கூடக் கண்டுபிடித்திருப்பான்.

அடுத்தது கோட்டின் வடிவம். நிறம் இருக்கட்டும், ஆனால் நிறத்தை மட்டும் நம்பி ஒன்றும் இருக்கக் கூடாது. இதயத்துக்குக் கெட்டியான ஒற்றைக் கோடு, எலும்புக்கு இரட்டைக் கோடு, கண்ணுக்கு வட்ட வட்டமாகப் புள்ளி, எக்ஸ்ரேவுக்கு ரம்பப் பல் மாதிரி. நிறமே இல்லாவிட்டாலும் போய்ச் சேரலாம். எழுதிவிட்டால் போதாதா என்று கேட்பாய். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் படிக்கத் தெரியாது. கோடு போட்டதே அவர்களைப் போன்றவர்களுக்காகத்தான்.

இதைக் கொண்டுபோய் மருத்துவமனை நிர்வாகி தாஹிரியிடம் காட்டினேன். கெட்டவர் இல்லை. தேநீர் கொடுக்க முடியாத மாதம் என்று வருத்தப்பட்டார். பிறகு சொன்னார்: "அழகா இருக்குன்னு எல்லாரும் பாராட்டின தரையை நான் ஏம்மா பெயர்க்கணும்? ஒரு வருஷமாச்சு, ஒருத்தராவது புகார் எழுதிக் கொடுத்தாங்களா?" ஒருவரும் கொடுக்கவில்லை. யார் கொடுப்பார்கள்? ஜூன் இருபத்தேழு, ஆறு பேர் கொண்ட குழு கூடுகிறது, அங்கே வந்து பேசு, ஆனால் யாருக்குக் கஷ்டம் என்று காட்டு என்றார்.

அண்ணா, நீ வந்து சொல்வாயா? ஒருமுறை. பத்து நிமிடம். எழுதிவிட்டேன், இனி அழிக்க மாட்டேன்.

இன்னும் எட்டுத் துண்டு வைத்திருக்கிறேன்.

நுஸ்ஹா


ஸஃபி
22 மே

நுஸ்ஹா,

வர மாட்டேன். இன்றைக்கு ரபாத்தில் ஆறு பேர் முன்னால் சொன்னால் நாளைக்கு ஒருவன் ஸஃபியில் சொல்வான். துறைமுகத்தில் செய்தி மீனைவிடச் சீக்கிரம் விற்றுப்போகும். அப்பா காதுக்குப் போகும். அப்புறம் அம்மா. பதினேழு வருடம் கட்டிக்காத்ததைத் தரையில் போடுகிற கோட்டுக்காக அவிழ்க்க முடியாது. இதைப் பற்றித் திரும்பக் கேட்காதே.

புதுத் துண்டுகளைப் பார்த்தேன். 4 உம் 6 உம் எனக்கு ஒன்றுதான். நீலம்.

இன்னொன்று. அன்றைக்கு நான் போனபோது கோடுகள் பிரிகிற மூலையில்தான் கூட்டம் நின்றது. கோட்டுமேலேயே சக்கர நாற்காலி. எந்த வடிவம் போட்டாலும் காலுக்கடியில் இருந்தால் யாருக்கும் தெரியாது. சுவரில் கண் மட்டத்துக்கும் ஏற்று. மூலையில் ஒரு இதயத்தின் படத்தைப் பெரிதாக வரை, கறுப்பு வெள்ளையில். எஞ்சினில் நான் கம்பிகளுக்கு நிறத்தை நம்புவதில்லை. ஒவ்வொன்றிலும் நூல் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன், ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு, மூன்று. என்னிடம் வேலை செய்ய வந்தவர்களெல்லாம் என்னைக் கிறுக்கன் என்றார்கள். இப்போது அவர்களும் முடிச்சுப் போடுகிறார்கள். கை இருட்டில் போகிற இடத்தில் நிறத்தை வைத்து என்ன செய்வது?

நோன்பு திறக்க மறக்காதே. ஆபீசில் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே.

ஜவாத்


ரபாத்
10 ஜூன்

அண்ணா,

பெருநாள் வாழ்த்து. நீ கேட்காதே என்றாய், கேட்கவில்லை. உன் பேரைச் சொல்லாமல் நானே பேசிக்கொள்கிறேன். பேச்சை எழுதி எழுதிக் கிழிக்கிறேன். ஆறு பேரில் நாலு பேருக்கு முடிவு வரை பொறுமை இருக்காது.

4 ஊதா, 6 நீலம். குழந்தைகள் கட்டடத்தில் பிரசவத்துக்கு ஊதாவும் தடுப்பூசிக்கு நீலமும் வைத்திருந்தேன், அடுத்தடுத்து. உன்னிடம் வராமல் அச்சுக்குப் போயிருந்தால் எத்தனை அப்பாக்கள் பிள்ளை பிறக்கிற இடத்தைத் தேடித் தடுப்பூசி வரிசையில் நின்றிருப்பார்களோ. சுவர் யோசனையையும் எடுத்துக்கொண்டேன். வரைபடத்தின் ஓரத்தில் உன் பேரைப் போட ஆசை. போடவில்லை.

பெருநாளுக்கு உனக்கென்று பாதாம் பிறைப் பலகாரம் வாங்கி அனுப்பியிருக்கிறேன். அம்மாவுக்கு இரண்டே இரண்டு கொடு.

ஒன்று கேட்க வேண்டும், பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. சின்ன வயதில் சந்தைக்குப் போனால் எப்போதும் என்னைக் கூட்டிக்கொண்டு போவாய். பழத்தை நான் பொறுக்குவேன், நீ பையைப் பிடிப்பாய். உன் நண்பர்கள் கேலி செய்தாலும் கூட்டிக்கொண்டு போவாய். என்மேல் உனக்கு அவ்வளவு ஆசை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பழத்துக்காகத்தானா?

நுஸ்ஹா


ரபாத்
28 ஜூன்

அண்ணா,

வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் பேச்சின் மூன்றாவது பக்கத்தில் திணறிக்கொண்டிருக்கிறேன், ஒருவர் போனைப் பார்க்கிறார், ஒருவர் ஜன்னலைப் பார்க்கிறார், கதவு திறக்கிறது, கல்யாணக் கோட்டுப் போட்டுக்கொண்டு நீ நிற்கிறாய். எனக்கு முதலில் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் பட்டது.

நீ சாப்பிடாமல் நாலு மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டாய், உன்னோடு உட்கார்ந்து பேசவே முடியவில்லை. அதனால் நான் பார்த்ததை எழுதுகிறேன். உன்னை நீயே பார்த்திருக்க முடியாதே.

நீ உட்காரவில்லை. "நான் இவளோட அண்ணன். ஸஃபியில படகு எஞ்சின் மெக்கானிக். எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரியாது. இவ யாருக்குக் கஷ்டம்னு சொல்லத் தயங்கறாளே, எனக்குத்தான்" என்றாய். கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னாய். அது பயம் என்று எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

தாஹிரி மரியாதையாகத்தான் கேட்டார். "வருத்தமா இருக்கு. ஆனா பக்கத்துல யாரையாவது கேட்டிருக்கலாமே?"

"கீழே வாங்க" என்றாய். ஆறு பேரும் எழுந்தார்கள், எப்படி எழுந்தார்கள் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம். கூடத்தில் நாலு கோடும் தொடங்குகிற இடத்தில் நின்று சொன்னாய்: "இப்ப நான் சிவப்புக் கோட்டைப் பிடிச்சு இதய டாக்டர்கிட்டப் போறேன். தப்பாப் போனா யாரும் நிறுத்தாதீங்க."

நீ பழுப்பைப் பிடித்தாய். நாங்கள் உன் பின்னால். மூலை திரும்பி, படி இறங்கி, கண் பிரிவின் வாசலில் போய் நின்றாய். நீ உண்மையாகவே முயற்சி செய்தாய், அண்ணா. கடைசி அடி வரைக்கும் சரியான கோட்டில் இருப்பதாக நம்பித்தான் நடந்தாய். பலகையைப் படித்த பிறகுதான் உன் கழுத்து சிவந்தது. (சிவந்தது என்றால் சூடாயிருக்கும், உனக்குத் தெரியும்.)

அங்கிருந்த நர்ஸ் எங்கள் கூட்டத்தைப் பார்த்துப் பயந்து எழுந்தாள். இதயப் பிரிவைத் தேடி வந்தோம் என்று நீ சொன்னதும் அவள் தாஹிரியைப் பார்த்து, "இங்கே தினமும் அஞ்சாறு பேர் இப்படி வர்றாங்க ஐயா. எல்லாம் ஆம்பளைங்க. படிக்காதவங்க போலன்னு நினைச்சு நானே கொண்டுபோய் விட்டுட்டு வருவேன்" என்றாள்.

"நான் படிச்சவன்தான் சிஸ்டர்" என்றாய் நீ. கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாஹிரி தலை குனிந்தார் என்று நினைக்கிறேன்.

நீ போன பிறகு நடந்தது இது. புதுக் கட்டடத்தில் புது வரைபடம், ஒரே குரலில் ஒத்துக்கொண்டார்கள். பழைய கூடத்தையும் ஆகஸ்டுக்குள் மாற்றப்போகிறார்கள். போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான் முதலில் கை தூக்கினார். தாஹிரி தனியாகக் கூப்பிட்டு, உங்கள் அண்ணன் கோபக்காரரா என்று கேட்டார். என் அளவுக்கு இல்லை என்றேன்.

நீ ஏன் வந்தாய் என்று எழுது. அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் என்னவாயிற்று?

உன் தங்கை


ஸஃபி
22 செப்டம்பர்

நுஸ்ஹா,

ஜூன் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். சொல்ல ஒன்றும் முடிவாகாமல் எழுத வேண்டாம் என்று இருந்தேன். அம்மாவின் தேதியன்று நீ ஊரில் இல்லை, அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

செவ்வாய் ராத்திரி பஸ் பிடித்து, புதன்கிழமை அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். கூடத்தில் நுழைந்ததும் கறுப்பும் நீலமுமாகக் கெட்டியான ஒரு கோடு. சுவரில் இதயப் படம். நான் வாய் திறக்கவே இல்லை. அம்மா என் கையை விட்டுவிட்டு, "இதுதானே" என்று சொல்லி முன்னால் நடக்க ஆரம்பித்தாள். கோட்டின் மேலேயே, ஒரு அடிகூட விலகாமல். நான் அவள் பின்னால் போனேன். ஒன்பது மணித் தேதிக்கு எட்டே முக்காலுக்கு உட்கார்ந்திருந்தோம். இதயத்தில் ஒரு வால்வு கொஞ்சம் தளர்ந்திருக்கிறதாம். அறுவை வேண்டாம், மாத்திரை போதும் என்றார் டாக்டர். உப்பு விஷயத்தை நான் போட்டுக்கொடுத்தேன். டாக்டர் திட்டினார்.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னேன். கப்பல் பள்ளி, புள்ளிப் புத்தகம், எல்லாம். தாய் வழி என்பதையும் சொன்னேன். அதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்ல முடியவில்லை. வழியில் அல் ஜதீதா ஊர் வரும் வரை அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "எங்க அண்ணன், உன் பெரிய மாமா, தன் கல்யாணத்துக்குப் பச்சைச் செருப்பு வாங்கிட்டு வந்தான். வெள்ளைக் கல்யாண உடைக்குப் பச்சை. ஊரே சிரிச்சுது. குடிச்சிட்டு வாங்கினியான்னு எங்கப்பா எல்லார் முன்னாலயும் அறைஞ்சார். அவனும் ஒண்ணும் சொல்லலை." கொஞ்ச நேரம் கழித்து, "எனக்காகத் திட்டு வாங்க உன்னை யாருடா கேட்டா?" என்றாள். அதற்கப்புறம் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தூங்கினாளோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்பாவிடம் சொல்லாதே என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். வியாழக்கிழமை ராத்திரி அவர்கள் அறையில் என்ன பேசினார்கள் என்று தெரியாது. அம்மா குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா குரல் கேட்கவே இல்லை.

நேற்றுக் காலை பத்து மணிக்கு அப்பா பட்டறைக்கு வந்தார். நான் பட்டறை போட்டு பதினொரு வருடம், இதுதான் முதல் தடவை. மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். நான் வேலையை நிறுத்தவில்லை. எனக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அரைமணி நேரம் கழித்து, கரையில் நின்ற படகைக் காட்டி, "அது என்ன நிறம் உனக்கு?" என்றார்.

"காய்ஞ்ச வைக்கோல் மாதிரி" என்றேன்.

"பச்சை."

அடுத்த படகு. அதற்கடுத்தது. நான் சொல்வேன், அவர் திருத்துவார். கேலி இல்லை. இருபது படகாவது கேட்டிருப்பார். நடுவில் ஒரு நீலப் படகு வந்தது, அதைச் சரியாகச் சொன்னேன். தலையை ஆட்டினார். அப்போது அவருக்கு ஏதோ நினைவு வந்தது. "பன்னெண்டு வயசுல உன்னைப் படகுல சுக்கானைப் பிடிக்க விட்டேன். துறைமுக வாசல் விளக்கைத் தப்பாச் சொன்னே. பாறையில மோத இருந்தோம். அடிச்சேன்" என்றார். எனக்கு அது நினைவில்லை, நுஸ்ஹா. நிஜமாகவே இல்லை. அவருக்கு எந்தக் கன்னம் என்பது வரை நினைவிருக்கிறது.

மதியம் துறைமுகக் கடையில் மத்தி மீன் சுட்டு வாங்கிக்கொடுத்தார். தானே காசு கொடுத்தார். பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டார்: "உங்கம்மாவைத் திட்டுவேன்னு நினைச்சுத்தான் சொல்லலையா?"

ஆமாம் என்றேன்.

ரொம்ப நேரம் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். "திட்டியிருப்பேன்" என்றார். பிறகு கடைக்காரனைக் கூப்பிட்டு இன்னொரு தட்டு மீன் கொண்டுவரச் சொன்னார்.

ஏன் வந்தேன் என்று கேட்டாயே. நீ சந்தையைப் பற்றி எழுதியிருந்தாய் அல்லவா? பாதி பழத்துக்காக. வழியெல்லாம் நீ ஓயாமல் பேசிக்கொண்டு வருவாய், மீதி அதற்காக. அதை எழுதத் தெரியவில்லை, அதனால் பஸ் ஏறினேன்.

அடுத்த மாதம் அப்பாவை அழைத்துக்கொண்டு வருகிறேன். அவருக்கு அங்கே வைத்தியம் ஒன்றும் இல்லை. உன் கோட்டைப் பார்க்க வேண்டுமாம்.

ஜவாத்